எழுத்துக்கும் நிரை வேண்டும்

(நமது பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் இந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தபோது எனக்கும் ஒரு பரிசு கிடைத்தது. அழகான கையெழுத்துக்காக ஒரு பென்சில் பெட்டி கொடுத்தார்கள். அம்மா அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். தொட்டால் அழுக்காகிவிடுமாம்! அந்தப் பரிசு கொடுத்த தைரியத்தில்தான் நான் பின்னாளில் எழுத்து வேலைக்குப் போனேன். தட்டச்சுப் படித்து, வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கிராணி வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன்.

இன்று கணினியில் ஒழுங்காக எழுதும் முறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "என்னம்மா இது, பரிசு கொடுக்கிற நாளிலே கம்ப்யூட்டர் பாடமா?" என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு பாட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கம் 31

சில ஆண்டுகளுக்கு முன், விற்கப்பட்ட ஒரு தோட்டத்தில் 38 குடும்பங்கள் வீடு கேட்டு மனுக் கொடுக்க முடிவு செய்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறிக்கை. எத்தனை ஆண்டு வேலை, எந்த லயம், எத்தனை பிள்ளைகள், கையில் உள்ள ஆதாரங்கள் என்ன என்றெல்லாம் எழுத வேண்டும். அதனோடு சம்பளச் சீட்டு, பிறப்புச் சான்று, பழைய படம் ஆகியவற்றின் நகல். "அக்கா, நீங்கதான் டைப் பண்ணித் தரணும்" என்று கேட்டார்கள். மறுக்க மனம் வருமா? ஒத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் உட்கார்ந்து அடித்தேன். ஏறக்குறைய 100 பக்கம். முன்னால் ஒரு பொருளடக்கம், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பக்க எண். எல்லாம் கையாலே அடித்தது.

கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவு, மணி ஒன்பது. வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் ஓடி வந்தது. "அக்கா, எங்க பேரு விட்டுப் போச்சு." விட்டுவிட முடியுமா? நடுவிலே சேர்த்தேன். மூன்று பக்கம் கூடியது. அதற்குப் பின்னால் இருந்த அத்தனை பக்கங்களும் மூன்று மூன்றாகத் தள்ளிப் போயின. தலைப்புகள் பக்கத்தின் அடியில் போய்த் தொங்கின. 12ஆம் இணைப்பு 13 ஆனது, 13ஆவது 14 ஆனது. விடிய விடிய ஒவ்வொன்றாகத் திருத்தினேன். நாலு மணிக்குக் கண் இருட்டிவிட்டது. பொருளடக்கத்தில் பாதியைத் திருத்தினேன், பாதி பழைய எண்ணாகவே நின்றுவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் அதிகாரி கோப்பைப் பிரித்தார். முதலில் கூப்பிட்டது ஒரு பாட்டியை. நாற்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். கால் வீங்கி இருந்தது. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பொருளடக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே பக்கம் 31 என்றிருந்தது. அதிகாரி 31ஐத் திறந்தார். அங்கே வேறு குடும்பம். அதில் சொன்ன இணைப்பைத் திறந்தார். அதுவும் வேறு யாருடையதோ. நான் கோப்பை வாங்கி மேலும் கீழும் புரட்டினேன். கை நடுங்கியது. அந்த மனிதர் கோபப்படவில்லை. மலாயில் மரியாதையாகவே சொன்னார்: "ஒழுங்குபடுத்திக்கொண்டு அடுத்த மாதம் வாருங்கள்."

வெளியே வந்ததும் நான் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் சொன்னார், "விடும்மா. எனக்குக் காத்திருந்து பழக்கம்தானே."

தோழர்களே, அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. அவர் காத்திருக்க வேண்டியதற்குக் காரணம் அரசாங்கமும் இல்லை, முதலாளியும் இல்லை. என் டைப்பு வேலைதான்.

கணினியில் ஓடிய டைப்ரைட்டர்

வீட்டுக்கு வந்து மறுபடியும் முதலிலிருந்து திருத்த உட்கார்ந்தேன். நான்காம் படிவம் படிக்கும் என் தம்பி மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "அத்தை, கொஞ்சம் நகருங்க" என்று சொல்லி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எட்டு ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினாள். திரை முழுக்க ஈ மொய்த்தது மாதிரி புள்ளிகளும் குறிகளும் வந்துவிட்டன.

நான் தட்டிய ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு புள்ளி. ஒவ்வொரு என்டருக்கும் ஒரு குறி. தலைப்பு நடுவில் வர வேண்டும் என்பதற்காக இருபது முப்பது இடைவெளி தட்டியிருந்தேன். அடுத்த பக்கம் போவதற்குப் பதினைந்து என்டர் அடித்திருந்தேன். அவள் கலகலவென்று சிரித்தாள். "அத்தை, நீங்க கம்ப்யூட்டர்ல டைப்ரைட்டர் ஓட்டுறீங்க!"

உண்மைதான். நான் பழகியது அப்படி. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வேலை பார்த்த ஆர். முத்தையா என்ற பெரியவர் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கித் தந்தார். 247 எழுத்தையும் ஒரு கைப்பிடிப் பொறிக்குள் அடக்கியது சின்ன வேலையா? அந்தப் பொறியில் தலைப்பை நடுவில் வைக்க எழுத்தை எண்ண வேண்டும். எண்ணியதைப் பாதியாக்கி, தாளின் நடுவிலிருந்து அத்தனை தட்டுப் பின்னால் வர வேண்டும். புள்ளிக்கு வண்டி நகராது, அதை எண்ணக் கூடாது. கோடு போட வேண்டுமா, திரும்ப வந்து அடியில் தட்ட வேண்டும். ஒரு வரி விட்டுப் போனால் அந்தத் தாளையே கிழித்துப் போட்டுவிட்டு, கார்பன் தாளை மாற்றி வைத்து, மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். அன்றைக்கு அதுதான் சரியான முறை. எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு கணினி வந்தது. நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களில் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1991இல் வந்த யூனிகோடு என்னும் உலகக் குறியீட்டில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. இன்று கைப்பேசியிலேயே தமிழ் அடிக்கிறோம். பொறி மாறியது, ஆனால் என் விரல் மாறவில்லை. புது வண்டியை வாங்கிவிட்டு, அதில் மாட்டைப் பூட்டி ஓட்டியவள் நான்.

தகரத் தகடு சொல்லும் பாடம்

தம்பி மகள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததன் பெயர் 'ஸ்டைல்'. உடுப்பில் சொல்லும் ஸ்டைல் இல்லை. இதை உங்களுக்குத் தெரிந்த வேலையை வைத்தே சொல்கிறேன்.

புது ரப்பர் மரத்தை முதன்முதலாக வெட்டுக்கு எடுக்கும்போது என்ன செய்வோம்? ஒட்டு மரம் 20 அங்குலச் சுற்றளவுக்கு வந்ததா என்று பார்ப்போம். பிறகு கொம்பில் அடித்த ஒரு தகரத் தகட்டைப் பட்டையில் சாத்தி, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் கோடு கிழிப்போம். ஒவ்வொரு மரத்துக்கும் உட்கார்ந்து சாய்வை அளந்து கொண்டிருப்போமா? மாட்டோம். அளவு தகட்டில் இருக்கிறது. தகட்டைச் சாத்தினால் எந்த மரத்திலும் அதே கோடு வரும்.

ஸ்டைல் என்பது அந்தத் தகடுதான். 'தலைப்பு என்றால் இவ்வளவு பெரிய எழுத்து, தடித்த எழுத்து, மேலே இவ்வளவு இடம், கீழே இவ்வளவு இடம்' என்று ஒரே ஒரு தடவை சொல்லி வைத்துவிடுகிறோம். பிறகு எந்த வரி தலைப்போ அதன்மேல் தகட்டைச் சாத்துகிறோம். அவ்வளவுதான்.

ஆனால் மரத்துத் தகட்டுக்கு இல்லாத ஒரு பெருமை இதற்கு உண்டு. மரத்தில் கிழித்த கோட்டை மாற்ற முடியாது. இங்கேயோ தகட்டை மாற்றினால், அந்தத் தகட்டால் கிழித்த அத்தனை கோடும் தானாக மாறிவிடும். நூறு தலைப்பு இருந்தாலும் ஒரு நொடியில் மாறும்.

செய்யும் முறை

பையன்கள் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேர்ட் என்னும் மென்பொருளில் 'ஹோம்' பகுதியில் 'ஸ்டைல்ஸ்' என்று ஒரு வரிசை இருக்கும். அதில் மூன்று பெயர் போதும். 'நார்மல்' என்பது சாதாரணப் பத்தி. 'ஹெடிங் 1' பெரிய தலைப்பு. 'ஹெடிங் 2' அதற்குள் வரும் சின்னத் தலைப்பு. தலைப்பு வரியில் சுட்டியை வைத்து, கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் அழுத்தினால் ஹெடிங் 1 வந்துவிடும். 2 அழுத்தினால் ஹெடிங் 2.

அதன் தோற்றம் பிடிக்கவில்லையா? ஒவ்வொரு தலைப்பாகப் போய்த் திருத்தாதீர்கள். அந்த வரிசையில் உள்ள பெயரின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'மாடிஃபை' என்பதற்குள் போய் மாற்றுங்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அதற்குள் இருக்கும் எழுத்துப் பெட்டியில் லத்தீன் எழுத்துக்கு ஓர் இடமும், 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று இன்னோர் இடமும் இருக்கும். தமிழ் இரண்டாவது இடத்தைத்தான் கேட்கும். முதல் இடத்தில் மட்டும் அளவை மாற்றிவிட்டு, 'எழுத்து பெரிசாகவே மாட்டேங்குதே' என்று பொறியைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி.

இனி நான் தட்டிய இடைவெளிகளுக்கும் என்டர்களுக்கும் பதில் என்ன? பத்திக்கு முன்னும் பின்னும் எவ்வளவு இடம் என்பதைத் தகட்டிலேயே சொல்லி வைக்கலாம். புதுப் பக்கத்துக்குப் போக கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து ஒரே ஒரு தடவை அழுத்தினால் போதும். ஒவ்வொரு பெரிய தலைப்பும் புதுப் பக்கத்தில்தான் தொடங்க வேண்டுமா? அதையும் தகட்டில் சொல்லலாம், 'பேஜ் பிரேக் பிஃபோர்' என்று பெயர். தலைப்பு மட்டும் பக்கத்தின் அடியில் அநாதையாக நிற்காமல் அடுத்த வரியோடு சேர்ந்தே போவதற்கு 'கீப் வித் நெக்ஸ்ட்' இருக்கிறது. ஹெடிங் தகடுகளில் அது ஏற்கெனவே போட்டிருக்கும்.

இப்போது பொருளடக்கம். 'ரெஃபரன்சஸ்' பகுதியில் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்' என்பதை அழுத்துங்கள். தகடு சாத்திய தலைப்புகளை எல்லாம் பொறியே பொறுக்கி, பக்க எண்ணோடு அடுக்கிக் கொடுத்துவிடும். பின்னால் ஏதாவது சேர்த்தாலும் நீக்கினாலும், பொருளடக்கத்தின்மேல் சுட்டியை வைத்து எஃப் 9 அழுத்தி, முழுவதையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். எல்லா எண்ணும் திருந்திவிடும். எந்த இரவு நான் விடிய விடிய அழுதேனோ, அந்த இரவு வேலை மொத்தமும் அந்த ஒரு விசைக்குள் இருந்தது!

வேர்ட் வாங்க வசதியில்லையே என்று கவலைப்பட வேண்டாம். லிப்ரே ஆஃபிஸ் இலவசம். அதில் எஃப் 11 அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் வரும். கூகுள் டாக்ஸிலும் இதே ஹெடிங் உண்டு, கைப்பேசியிலும் போடலாம்.

ஒரு நன்மையை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கண் பார்வை இல்லாதவர்கள் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்துப் படிக்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கி மட்டும் வைத்தால் அது தலைப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. தகடு சாத்திய தலைப்பு என்றால், தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் போய் வேண்டியதைப் படித்துக்கொள்வார்கள்.

எழுதுகிற மனதுக்கு என்ன லாபம்?

அன்பார்ந்த மாணவர்களே, இதுவரை சொன்னது தோற்றத்தைப் பற்றி. ஆனால் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது.

கட்டுரை எழுத உட்காருகிறீர்கள். இரண்டு வரி எழுதியதும் எழுத்தைச் சிவப்பாக்கிப் பார்க்கிறீர்கள். பிறகு நீலம். பிறகு பூப்போட்ட கட்டம். அரை மணி போய்விடுகிறது, கட்டுரை இரண்டு வரியிலேயே நிற்கிறது. தகட்டை நம்பினால் அந்த ஆசையை ஒதுக்கி வைக்கலாம். 'இது தலைப்பு, இது பத்தி' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே போங்கள். அலங்காரத்தைக் கடைசியில் ஒரே மூச்சில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு வரியைத் தலைப்பு என்று சொல்ல வேண்டுமானால், 'இந்தப் பகுதி எதைப் பற்றியது?' என்று மனசு கேட்டாக வேண்டும். பதில் வராவிட்டால் அந்தப் பகுதி குழம்பிக் கிடக்கிறது என்று அர்த்தம். 'வியூ' பகுதியில் 'நேவிகேஷன் பேன்' என்பதைத் திறந்தால் உங்கள் தலைப்புகள் மட்டும் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். மேட்டில் ஏறி நின்று தோட்டத்தின் நிரைகளைப் பார்க்கிற மாதிரி. எந்த நிரை கோணல், எந்த இடத்தில் மரம் விழுந்து காலியாகக் கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு பகுதி இடம் மாற வேண்டுமா? அங்கேயே அந்தத் தலைப்பைப் பிடித்து இழுத்து வேறு இடத்தில் விட்டால், அதன் கீழுள்ள பத்திகள் எல்லாம் கூடவே போகும்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தகடு கோடு கிழிக்குமே தவிர, பால் வெட்டாது. கத்தி பிடிக்கிற கையும், பட்டையில் காயம் படாமல் வெட்டுகிற பக்குவமும் வெட்டுகிறவருடையவை. அதுபோல், சொல்ல வேண்டிய செய்தியும் நல்ல தமிழும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். வெறும் பேச்சுக்கு எத்தனை ஹெடிங் போட்டாலும் அது வெறும் பேச்சுதான்.

பக்கம் 34

அந்த 39 குடும்பங்களின் மனுவை நான் மறுபடி செய்தேன். வேண்டாத புள்ளிகளையும் என்டர்களையும் துடைத்தெடுக்க இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் ஹெடிங் 1 சாத்தினேன். பொருளடக்கம் தானாக வந்து உட்கார்ந்தது.

நம்புவீர்களோ என்னவோ, இந்தத் தடவையும் கடைசி இரவில் ஒரு மாற்றம் வந்தது! "லயம் வாரியா அடுக்கினா நல்லாயிருக்கும் அக்கா" என்றார்கள். நான் பதறவில்லை. ஓரத்திலிருந்த பெயர்களைப் பிடித்து இழுத்து அடுக்கினேன், எஃப் 9 அழுத்தினேன், சரிபார்த்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பத்தரை மணிக்குப் படுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் அதே அலுவலகம், அதே அதிகாரி. பாட்டியின் பெயருக்கு எதிரே பக்கம் 34 என்றிருந்தது. அவர் 34ஐத் திறந்தார். அங்கே பாட்டியின் அறிக்கை. அடுத்த பக்கத்தில் மங்கிப்போன ஒரு படம், தலையில் துணி கட்டி, கையில் வாளியோடு ஒரு இளம் பெண். அதிகாரி படத்தையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இது யார்?" என்றார். பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, "நான்தான் ஐயா" என்றார். அதிகாரி தலையை அசைத்து, பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

பாட்டியின் பெயர் பட்டியலில் ஏறியது. வீடு கட்டி முடிந்தபோது பாட்டி இல்லை. அவருடைய மகள் குடும்பம் அந்த வீட்டில் இருக்கிறது. அந்த ஒரு மாதத் தாமதம் எதையும் மாற்றியிருக்காது என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனாலும் வயதானவர்களின் ஒரு மாதத்தை வீணாக்க நமக்கு உரிமை இல்லை என்று நான் நினைக்கிறேன்.

பெற்றோர்களே! நம் பிள்ளைகளுக்குக் கணினி விளையாடத்தான் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களிடம் ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் காட்டிக் கொடுப்பதைக் கூச்சப்படாமல் கற்றுக்கொள்ளுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு சிறுமியிடம் பாடம் கேட்டவள் நான். அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

மாணவச் செல்வங்களே! இன்றைக்கு நீங்கள் பரிசு வாங்குகிறீர்கள். நாளைக்கு இந்தத் தோட்டத்தில் யாராவது ஒரு தாளைக் கொண்டுவந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் எழுதிக் கொடுப்பா" என்று உங்கள் முன் நிற்பார்கள். அந்தத் தாளில் அவர்களுடைய வாழ்க்கை இருக்கும். தேடுகிறவர் திறந்தவுடன் கிடைக்கும்படி அதை எழுதிக் கொடுங்கள்.